வீட்டு ஊடகப் பிணையத் தரநிலைகளின் ஆவண வரலாறு: யுபிஎன்பி, டிஎல்என்ஏ (1999–2020)

ஆய்வுச் சுருக்கம்

கணினியில் உள்ள திரைப்படத்தை அதே வீட்டிலுள்ள தொலைக்காட்சியில் பார்ப்பதற்கு, வெவ்வேறு நிறுவனங்கள் செய்த கருவிகள் பொதுவான விதிகளின்படி உரையாட வேண்டும். அவ்விதிகளை வகுத்த முயற்சிகளுள் யுபிஎன்பி, டிஎல்என்ஏ ஆகிய இரண்டும் முதன்மையானவை. இவ்விரண்டின் விவரக்குறிப்புகள் எங்கு வெளியாயின, யாருக்குப் படிக்கக் கிடைத்தன, அவற்றை வெளியிட்ட அமைப்புகள் மறைந்தபின் யார் பொறுப்பில் சேர்ந்தன என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. ஒரு தரநிலையின் நீடிப்பு அதன் தொழில்நுட்பச் சிறப்பை மட்டும் சார்ந்ததில்லை. அதன் ஆவணம் படிப்பவர் கைக்கு எட்டுவதையும், அதைத் திருத்தும் பொறுப்பை ஒருவர் ஏற்றிருப்பதையும் சார்ந்தது என்று இக்கட்டுரை நிறுவுகிறது.

திறவுச்சொற்கள்: வீட்டுப் பிணையம், ஊடகத் தரநிலை, யுபிஎன்பி, டிஎல்என்ஏ, விவரக்குறிப்பு, ஆவணப் பாதுகாப்பு

முன்னுரை

தரநிலை என்பது தயாரிப்பாளர்கள் தமக்குள் செய்துகொள்ளும் உடன்பாடு. திருகாணியின் புரியளவு, மின்செருகியின் முனைகளுக்கு இடையிலான தொலைவு, தாளின் நீள அகலம் ஆகியவை அவ்வாறு முடிவானவை. பொருள் கையில் இருந்தால் அவற்றை அளந்தே தெரிந்துகொள்ளலாம். கணினிப் பிணையங்களின் தரநிலைகளை அவ்வாறு அறிவது கடினம். ஒரு கருவி மற்றொரு கருவிக்கு எந்தச் செய்தியை, எந்த வரிசையில், எவ்வளவு நேரத்துக்குள் அனுப்ப வேண்டும் என்பதையும், பிழை நேர்ந்தால் என்ன விடை தர வேண்டும் என்பதையும் வெளியிலிருந்து பார்த்து முழுமையாக ஊகிக்க இயலாது. ஆகவே இத்துறையில் தரநிலையும் அதை விவரிக்கும் ஆவணமும் ஏறக்குறைய ஒன்றாகிவிடுகின்றன. ஆவணம் எட்டாதபோது தரநிலையும் எட்டாமற் போகிறது.

வீட்டு ஊடகப் பிணையம் இதற்குத் தக்க சான்று. இங்குக் கணினி, தொலைக்காட்சி, கைபேசி, இசைக்கருவி, சேமிப்பகம் எனப் பல தொழில்களைச் சேர்ந்த பொருள்கள் ஒரே கூரையின்கீழ் கூடுகின்றன. அவற்றைச் செய்தவர்கள் சந்தையில் போட்டியாளர்கள். வாங்கியவரோ பிணையப் பொறியாளர் அல்லர். பெட்டியைத் திறந்து மின்னிணைப்புக் கொடுத்தவுடன் கருவி இயங்க வேண்டும் என்று எதிர்பார்ப்பவர். இந்த எதிர்பார்ப்பை நிறைவேற்ற எழுதப்பட்ட ஆவணங்கள் ஒரே இடத்தில் ஒரே நூலாக அமையவில்லை. பல அமைப்புகளின் வெளியீடுகளாகச் சிதறிக் கிடந்த அவற்றைத் தேடிக் கண்டடைவதே மென்பொருள் எழுதுவோருக்குத் தனிப் பணியாயிற்று.

1. தொடக்ககால முயற்சிகள்

1990களின் இறுதியில் வீட்டுக் கருவிகளை இணைக்கும் திட்டங்கள் பல முன்வைக்கப்பட்டன. கிரன்டிக், ஹிட்டாச்சி, மட்சுஷிட்டா, பிலிப்ஸ், ஷார்ப், சோனி, தாம்சன், தோஷிபா ஆகிய 8 நிறுவனங்கள் சேர்ந்து ஹாவி என்னும் தரநிலையை உருவாக்கின. அது ஃபயர்வயர் என அறியப்படும் ஐஇஇஇ 1394 வகைக் கம்பியிணைப்பை அடிப்படையாகக் கொண்டது. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 1999 ஜனவரியில் ஜினி என்னும் அமைப்பை அறிமுகப்படுத்தியது. அது ஜாவா மொழிச் சூழலைச் சார்ந்திருந்தது. முன்னதில் இணைய விரும்பும் கருவிக்குக் குறிப்பிட்ட வகைக் கம்பி வேண்டும். பின்னதில் குறிப்பிட்ட மென்பொருட்சூழல் வேண்டும்.

அதே 1999 ஜனவரியில், லாஸ் வேகாஸ் நகரில் நடைபெறும் நுகர்வோர் மின்னணுக் கண்காட்சியில் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் யுனிவர்சல் பிளக் அண்ட் பிளே என்னும் திட்டத்தை அறிவித்தது. யுபிஎன்பி என்பது அதன் சுருக்கம். இத்திட்டம் குறிப்பிட்ட கம்பியையோ நிரல் மொழியையோ கோரவில்லை. இணையத்தில் ஏற்கெனவே நிலைபெற்றிருந்த ஐபி, எச்டிடிபி, எக்ஸ்எம்எல் ஆகியவற்றின்மேல் சில விதிகளை மட்டும் கூடுதலாக வகுத்தது. அதனால் இத்திட்டத்தில் பொதுச்சொத்தாக இருந்தது எழுதப்பட்ட விதிதான். அவ்விதிகளை எழுதுவதற்காக 1999 அக்டோபரில் யுபிஎன்பி ஃபோரம் தொடங்கப்பட்டது. பின்னாளில் அதன் உறுப்பினர் எண்ணிக்கை 1,000-ஐக் கடந்தது.

2. யுபிஎன்பி: திறந்திருந்த நூல்

யுபிஎன்பி கருவிக் கட்டமைப்பு என்னும் அடிப்படை ஆவணத்தின் 1.0 பதிப்பு 2000 ஜூனில் வெளியாயிற்று. பிணையத்தில் புதிதாக நுழையும் கருவியின் நடத்தையை அது 6 படிகளாகப் பகுக்கிறது: முகவரி பெறுதல், ஒன்றையொன்று கண்டறிதல், தன்னை விவரித்தல், கட்டளை ஏற்றல், மாற்றங்களை அறிவித்தல், பயனருக்குரிய பக்கத்தைக் காட்டுதல். இவற்றுள் கண்டறிதலே வீட்டுப் பயனருக்கு மிகவும் இன்றியமையாத படி. ஒரு கருவி 239.255.255.250 என்னும் குழு முகவரிக்கு, 1900 என்னும் வாயில் எண்ணில், தேடல் செய்தி ஒன்றை அனுப்புகிறது. அதைக் கேட்கும் கருவிகள் தம் விவர ஆவணம் இருக்கும் இடத்தைத் தெரிவித்து விடையளிக்கின்றன. யாரும் எந்த எண்ணையும் தட்டச்சு செய்ய வேண்டியதில்லை.

இக்கண்டறிதல் நெறிமுறையின் பெயர் எஸ்எஸ்டிபி. அதன் ஆவண நிலை வியப்புக்குரியது. மைக்ரோசாஃப்ட், ஹியூலட்–பேக்கர்ட் நிறுவனங்களைச் சேர்ந்த பொறியாளர்கள் அதனை 1999 அக்டோபரில் இணையப் பொறியியல் செயற்குழுவிடம் வரைவாக அளித்தனர். அக்குழுவின் நடைமுறைப்படி வரைவுகளுக்கு 6 மாதமே ஆயுள். எஸ்எஸ்டிபி வரைவு 2000 ஏப்ரலில் காலாவதியாயிற்று. ஆர்எஃப்சி என்னும் நிலையான ஆவணமாக அது உயரவே இல்லை. ஆயினும் அதன் விதிகளைக் கருவிக் கட்டமைப்பு ஆவணம் ஏற்றுக்கொண்டமையால், அவை கோடிக்கணக்கான கருவிகளில் இடம்பெற்றன. இணைய நெறிமுறை என்பதால் இணையப் பொறியியல் செயற்குழுவின் நிலையான ஆவணங்களில் எஸ்எஸ்டிபியைத் தேடும் ஒருவர் வெறுங்கையோடு திரும்புவார். அதன் இருப்பிடம் வேறோர் அமைப்பின் நூலுக்குள் அமைந்துவிட்டது.

2002 ஜூனில் யுபிஎன்பியின் ஒலி–ஒளிப் பிரிவுக்கான விவரக்குறிப்புகள் வெளியாயின. அவை மூன்று பாத்திரங்களை வகுத்தன. கோப்புகளை வைத்திருந்து தருவது மீடியா சர்வர். அவற்றைப் பெற்று ஒலிக்கவும் காட்டவும் செய்வது மீடியா ரெண்டரர். இரண்டையும் இணைத்து ஆணையிடுவது கண்ட்ரோல் பாயிண்ட். கையிலுள்ள கைபேசி, மாடியிலுள்ள கணினியின் படத்தைக் கூடத்திலுள்ள தொலைக்காட்சியில் ஓடச் செய்வது இந்த மூவகைப் பகுப்பினால்தான் இயல்கிறது. மீடியா சர்வரின் உள்ளடக்கப் பட்டியல் ஒரு மரமாக அமைகிறது. அதன் வேரின் அடையாள எண் 0. அங்கிருந்து கிளை கிளையாக உலவி உரிய கோப்பை அடையலாம்.

இந்த ஆவணங்கள் அனைத்தும் ஃபோரத்தின் இணையதளத்தில் கட்டணமின்றிக் கிடைத்தன. விதிகளை வகுக்கும் குழுக்களில் அமர்வதற்கு உறுப்பினராக வேண்டும், படிப்பதற்கு வேண்டியதில்லை. நிறுவனப் பின்னணி இல்லாத நிரலாளரும் யுபிஎன்பி மென்பொருளை எழுத முடிந்தமைக்கு இதுவே காரணம்.

3. டிஎல்என்ஏ: நான்காம் புலத்தின் சிக்கல்

யுபிஎன்பியின் ஒலி–ஒளி விவரக்குறிப்பு, கோப்பு எந்த வடிவத்தில் இருக்க வேண்டும் என்று வரையறுக்கவில்லை. அது திட்டமிட்டே விடப்பட்ட இடம். புதிய வடிவங்கள் தோன்றும்போது விதியை மாற்ற வேண்டியிராது என்பது அதன் பயன். நடைமுறையில் இதனால் ஓர் இடர் எழுந்தது. இரண்டு கருவிகள் ஒன்றையொன்று கண்டுகொள்ளும். படங்களின் பட்டியலும் திரையில் தோன்றும். ஒரு படத்தைத் தேர்ந்தெடுத்தால் அது ஓடாது. விதிப்படி பார்த்தால் இரு கருவிகளிடமும் குற்றமில்லை. வாங்கியவருக்கோ இரண்டும் பழுதானவையாகவே தோன்றும்.

இக்குறையை நீக்க சோனி, இன்டெல், மைக்ரோசாஃப்ட், நோக்கியா, சாம்சங், பிலிப்ஸ் உள்ளிட்ட 17 நிறுவனங்கள் 2003 ஜூனில் டிஜிட்டல் ஹோம் ஒர்க்கிங் குரூப் என்னும் அமைப்பைத் தொடங்கின. அடுத்த ஆண்டில் அது டிஜிட்டல் லிவிங் நெட்வொர்க் அலையன்ஸ், சுருக்கமாக டிஎல்என்ஏ, எனப் பெயர் மாற்றம் பெற்றது. 2004 ஜூனில் அதன் வழிகாட்டு நெறிகளின் 1.0 பதிப்பு வெளியாயிற்று, 2006இல் 1.5 பதிப்பு கைபேசி, அச்சுப்பொறி முதலிய வகைகளையும் சேர்த்துக்கொண்டது. டிஎல்என்ஏ புதிய நெறிமுறை ஒன்றைப் படைத்ததாகக் கருதுவது சரியன்று. இருந்தவற்றுள் எவை கட்டாயம், எவை விருப்பம் என்று வரையறுத்ததே அதன் பணி. வீட்டுக் கருவிகளுக்கு நிழற்படத்தில் ஜேபெக், ஒலியில் எல்பிசிஎம், நிகழ்படத்தில் எம்பெக்–2 ஆகியவை கட்டாயமாயின. கோப்பை அனுப்பும் வழியாக எச்டிடிபி கட்டாயமாயிற்று.

யுபிஎன்பி, டிஎல்என்ஏ ஆவணங்களுக்கு இடையிலான உறவைக் காட்ட ஒரு சிறு நுட்பம் போதும். மீடியா சர்வர் ஒவ்வொரு கோப்பையும் பற்றித் தரும் குறிப்பில் நெறிமுறைத் தகவல் என்னும் ஒரு வரி உண்டு. முக்காற்புள்ளிகளால் பிரிக்கப்பட்ட 4 புலங்கள் அதில் அமைந்துள்ளன. முதலாவது அனுப்பும் வழி; இரண்டாவது பிணையம்; மூன்றாவது கோப்பின் வகை; நான்காவது கூடுதல் விவரம். எச்டிடிபி வழி அனுப்பும்போது நான்காம் புலத்துக்கு யுபிஎன்பி தனிப்பொருள் எதுவும் தரவில்லை. ஓர் உடுக்குறி இட்டாலே போதும். டிஎல்என்ஏ அந்த வெற்றிடத்தைத் தன் விதிகளால் நிரப்பியது. கோப்பின் வடிவச் சுயவிவரப் பெயர், இடையில் தாவிச் சென்று பார்க்க இயலுமா என்பது, அனுப்பும் முறை பற்றிய கொடிகள் ஆகியவை அப்புலத்தில் குறிக்கப்பட்டன. டிஎல்என்ஏ நெறிகளைக் கண்டிப்பாகப் பின்பற்றிய தொலைக்காட்சி, அப்புலம் பொருந்தாத கோப்பைத் தன்னால் இயக்க முடியும்போதும் மறுத்துவிடக் கூடும்.

யுபிஎன்பியின் இலவச நூலைப் படித்தவருக்கு இவ்விடத்தில் ஒரு வெற்றிடமே தென்பட்டது. அதை நிரப்பும் விதி மற்றொரு நூலில் இருந்தது. தொடக்க ஆண்டுகளில் டிஎல்என்ஏ வழிகாட்டு நெறிகள் உறுப்பினர்களுக்கு உரியவையாக இருந்தன. மற்றவர்கள் விலை கொடுத்துப் பெற வேண்டியிருந்தது. ஒரே வரியின் முதல் மூன்று புலங்களுக்குத் திறந்த ஆவணமும் நான்காவதற்கு மூடிய ஆவணமும் சான்றாக அமைந்தன என்பதே இத்தரநிலைகளின் வரலாற்றில் முதன்மையாகக் கருதத்தக்க செய்தி.

இவற்றுக்கு அப்பால் மூன்றாவது அடுக்கு ஒன்றும் உண்டு. பதிப்புரிமை பெற்ற படங்களை வீட்டுப் பிணையத்தில் மறையாக்கி அனுப்புவதற்கு டிடிசிபி–ஐபி என்னும் முறை ஏற்கப்பட்டது. அதனை உரிமம் வழங்கும் அமைப்பு, விவரக்குறிப்பின் ஒரு பகுதியைத் தகவலுக்கான பதிப்பாக அனைவருக்கும் வெளியிட்டது. மறைமுறையின் உட்பகுதிகளை உரிமம் பெற்றவர்களுக்கு மட்டும் தந்தது. இங்கு ஆவணத்தை மறைத்து வைப்பதே தரநிலையின் நோக்கத்தில் ஒரு பகுதியாகிறது.

4. ஒரே உரை, இரு பெயர்கள்

பின்னாளில் இரண்டு தரநிலைகளும் பன்னாட்டு அமைப்புகளின் ஏற்பைப் பெற்றன. டிஎல்என்ஏ வழிகாட்டு நெறிகள் 2007 முதல் ஐஇசி 62481 என்னும் எண்ணில் பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையத்தின் தரநிலையாக வெளிவந்தன. அதன் முதற்பகுதி கட்டமைப்பையும் நெறிமுறைகளையும் கூறுகிறது. இரண்டாம் பகுதி ஊடக வடிவங்களையும், மூன்றாம் பகுதி இணைப்புப் பாதுகாப்பையும் கூறுகின்றன. யுபிஎன்பி ஆவணங்கள் 2008 டிசம்பரில் ஐஎஸ்ஓ/ஐஇசி 29341 என்னும் எண்ணில் 73 பகுதிகளாக வெளியாயின.

பன்னாட்டு எண் பெற்றதனால் இத்தரநிலைகளின் மதிப்பு உயர்ந்தது. அரசுகளும் பெருநிறுவனங்களும் கொள்முதல் ஆவணங்களில் மேற்கோள் காட்டுவதற்கு நிலையான பெயர் கிடைத்தது. தேடுபவருக்கோ ஒரு குழப்பம் சேர்ந்தது. ஒரே உரை இரண்டு பெயர்களில், இரண்டு இடங்களில், இரண்டு வகை நிபந்தனைகளில் இருக்கலாம் என்பதை அவர் அறிந்திருக்க வேண்டும். பன்னாட்டு எண்ணை மட்டும் வைத்துத் தேடியவர் விலைப்பட்டியலை அடைந்தார். அதே செய்தியை யுபிஎன்பியின் பெயரில் தேடியவர் இலவச ஆவணத்தை அடைந்தார்.

ஊடக வடிவங்களிலும் இந்த இரட்டைப் பெயர் மரபு உண்டு. ஜேபெக் தரநிலை ஐஎஸ்ஓ/ஐஇசி 10918–1 என்னும் எண்ணில் விற்கப்படுகிறது. அதே உரை பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரையாக டி.81 என்னும் எண்ணையும் பெற்றுள்ளது. எம்பெக்–2 நிகழ்படத் தரநிலை ஒருபுறம் ஐஎஸ்ஓ/ஐஇசி 13818–2, மறுபுறம் எச்.262. எச்.264 எனப் பரவலாக அறியப்படுவதே ஐஎஸ்ஓ/ஐஇசி 14496–10. தொலைத்தொடர்பு ஒன்றியம் 2007 முதல் தன் பரிந்துரைகளைக் கட்டணமின்றி இறக்கிக்கொள்ள இடமளித்தது. எனவே டிஎல்என்ஏ நெறிகள் சுட்டும் ஊடக வடிவங்களின் விவரக்குறிப்பைத் தேடும் ஒருவர், ஐஎஸ்ஓ எண்ணுக்கு இணையான ஒன்றியத்தின் எண்ணை அறிந்தால் போதும். பல நூல்கள் செலவின்றிக் கிடைக்கும். நூலக அட்டவணையில் ஒரு நூலை ஆசிரியர் பெயரிலும் தலைப்பிலும் தேடும் பழக்கத்தைப் போன்றதே இது. இங்கு எந்தப் பெயரைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பது விலையையும் தீர்மானிக்கிறது.

5. கருவியே சான்றாவணமாதல்

ஆவணம் கிடைக்காதபோது நிரலாளர்கள் கருவியையே படித்தனர். யுபிஎன்பியின் அமைப்பே இதற்கு உதவியது. ஒவ்வொரு கருவியும் தன் பெயர், மாதிரி, தன்னிடமுள்ள சேவைகள், ஒவ்வொரு சேவையும் ஏற்கும் கட்டளைகள், அக்கட்டளைகளின் உள்ளீடுகள் ஆகியவற்றை எக்ஸ்எம்எல் ஆவணமாகத் தானே தருகிறது. சட்டப்படி விலைக்கு வாங்கிய தொலைக்காட்சி தன் இலக்கணத்தின் ஒரு பகுதியைக் கேட்பவருக்குச் சொல்லிவிடுகிறது. எஞ்சியவற்றைப் பிணையத்தில் செல்லும் செய்திகளைப் பதிவுசெய்து, வயர்ஷார்க் போன்ற கருவிகளால் ஆய்ந்து அறிந்தனர்.

மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2005இல் வெளியிட்ட எக்ஸ்பாக்ஸ் 360 விளையாட்டுக் கருவி இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. விண்டோஸ் கணினியின் ஊடக வழங்கியோடு இயங்குவதற்காக அது அமைந்திருந்தது. யுபிஎன்பி தரநிலையில் இல்லாத, அந்நிறுவனத்துக்கே உரிய பதிவுச் சேவை ஒன்றை அது வழங்கியிடம் எதிர்பார்த்தது. திறந்த மூல வழங்கி மென்பொருள்களை எழுதியவர்கள் அச்சேவையைத் தம் நிரல்களில் சேர்த்து, அக்கருவி எதிர்பார்க்கும் விடையைத் தரச் செய்தனர்.

நெட்கியர் நிறுவனப் பணியாளர் ஒருவரால் தொடங்கப்பட்டு, பின்னர் ரெடிமீடியா என்றும் பெயர் பெற்ற மினிடிஎல்என்ஏ என்னும் மென்பொருளின் மூலநிரலில், இணையும் கருவி எந்த நிறுவனத்துடையது என்பதை அடையாளம் காணும் அட்டவணை ஒன்று உள்ளது. கருவிக்கு ஏற்ப விடையின் சில கூறுகள் மாற்றப்படுகின்றன. தரநிலை சொல்வதற்கும் கருவிகள் செய்வதற்கும் இடையிலான வேறுபாடுகளின் பதிவேடாகவே இவ்வட்டவணையைக் கொள்ளலாம். விவரக்குறிப்பு ஆவணத்திலிருந்து கருவிகள் எவ்வாறு இயங்கியிருக்க வேண்டும் என்பதை அறியலாம். அவை உண்மையில் எவ்வாறு இயங்கின என்பதை இத்தகைய மூலநிரலே தெரிவிக்கிறது. வருங்கால வரலாற்றாய்வாளருக்கு இரண்டும் வேண்டும்.

தரநிலையின் சொல்லுக்கும் கருவியின் செயலுக்கும் உள்ள இடைவெளியைத் தமிழ்ப் பயனர்களைத் தொடும் ஒரு செய்தியாலும் விளக்கலாம். யுபிஎன்பி செய்திகள் யுடிஎஃப்–8 குறியேற்றத்தில் அமைய வேண்டும் என்பது விதி. ஆகவே யூனிகோடில் எழுதப்பட்ட தமிழ்ப் பாடலின் தலைப்பு வழங்கியிலிருந்து தொலைக்காட்சிக்குச் சிதையாமல் சென்று சேரும். அது திரையில் தமிழாகத் தோன்றுவதோ கருவியில் தமிழ் எழுத்துரு உள்ளதா, கொம்பும் காலும் உரிய இடத்தில் அமைக்கப்படுகின்றனவா என்பவற்றைப் பொறுத்தது. தலைப்பு கட்டங்களாகத் தெரிந்தால் குறை பெரும்பாலும் பிணையத்தில் இல்லை. திரையை எழுதிய மென்பொருளில் உள்ளது. விவரக்குறிப்பைப் படித்தவரால் இந்த வேறுபாட்டைப் பிரித்தறிய இயலும்.

6. மாற்று வழிகள்

இதே காலத்தில் வேறு வழிகளும் வளர்ந்தன. ஆப்பிள் நிறுவனம் 2002இல் ராந்தேவூ என்னும் பெயரில் வெளியிட்டு, 2005இல் பான்ஜூர் எனப் பெயர் மாற்றிய கண்டறிதல் முறை, எம்டிஎன்எஸ், டிஎன்எஸ்–எஸ்டி என்னும் இரு நெறிமுறைகளைக் கொண்டது. இவையும் நெடுங்காலம் வரைவுகளாகவே இருந்தன. எனினும் எஸ்எஸ்டிபிக்கு நேராத ஒன்று இவற்றுக்கு நேர்ந்தது. 2013 பிப்ரவரியில் இவை ஆர்எஃப்சி 6762, ஆர்எஃப்சி 6763 என்னும் நிலையான ஆவணங்களாயின. அவ்வாவணங்களை எவரும் கட்டணமின்றிப் படிக்கலாம். அவற்றின் எண்களும் மாறுவதில்லை.

அதே ஆப்பிள் நிறுவனம் 2010இல் அறிமுகப்படுத்திய ஏர்ப்ளே முறை, கருவிகளைக் கண்டறிவதற்குத் திறந்த விதியையும், ஊடகத்தை அனுப்புவதற்குத் தன் நிறுவன விதியையும் பயன்படுத்தியது. நெட்ஃபிளிக்ஸ், யூடியூப் ஆகியவை உருவாக்கிய டயல் நெறிமுறை, காலாவதியான வரைவில் பிறந்த எஸ்எஸ்டிபியையே கண்டறிதலுக்கு எடுத்துக்கொண்டது. 2013இல் வெளியான கூகுளின் குரோம்காஸ்ட் கருவி தொடக்கத்தில் அதனைப் பயன்படுத்திப் பின்னர் எம்டிஎன்எஸ் முறைக்கு மாறியது. ஒரு நெறிமுறையின் உரை திறந்திருந்தால், அதைப் படைத்தவர்கள் எண்ணிப் பாராத பயன்பாடுகளிலும் அது தொடர்ந்து வாழ்கிறது என்பதை இவ்வரலாறு காட்டுகிறது.

7. அமைப்புகள் மறைந்தபின்

2016 தொடக்கத்தில் யுபிஎன்பி ஃபோரம் தன் உடைமைகளை, அவ்வாண்டிலேயே ஓப்பன் கனெக்டிவிட்டி ஃபவுண்டேஷன் எனப் பெயர் பெற்ற அமைப்பிடம் ஒப்படைத்தது. டிஎல்என்ஏ தன் நோக்கம் நிறைவேறிவிட்டது என்று அறிவித்து 2017 ஜனவரி 5 அன்று கலைந்தது. சான்றளிக்கும் பணி ஸ்பயர்ஸ்பார்க் என்னும் நிறுவனத்திடம் சென்றது.

வணிக அமைப்பு ஒன்று தன் வேலையை முடித்துக்கொண்டு கலைவது இயல்பே. ஆனால் கருவிகள் அமைப்புகளோடு சேர்ந்து மறைவதில்லை. வீட்டிலுள்ள தொலைக்காட்சி பத்தாண்டுகள் உழைக்கும். அதற்கேற்ற மென்பொருளைப் பராமரிப்பவருக்கு அத்தனை ஆண்டுகளும் விவரக்குறிப்பு வேண்டும். தளங்கள் இடம் மாறும்போது, நிரல்களின் குறிப்புகளிலும் நூல்களிலும் கட்டுரைகளிலும் தரப்பட்டிருந்த பழைய இணைப்புகள் பயனற்றுப் போகின்றன. அத்தகைய நிலையில் இணைய ஆவணக் காப்பகம் சேமித்து வைத்துள்ள பழைய பக்கங்களும், பன்னாட்டு எண் பெற்ற பதிப்புகளும் துணையாகின்றன. விலை கொடுத்துப் பெற வேண்டியது என்னும் குறை இருப்பினும், ஐஇசி 62481 என்னும் எண் டிஎல்என்ஏ மறைந்தபின்னும் நிலைத்திருக்கிறது. திறந்த ஆவணம் எளிதில் பரவியது. எண் பெற்ற ஆவணம் உறுதியாக நின்றது. இரண்டு பண்புகளும் ஒருங்கே வாய்ப்பது அரிது.

ஆவணத்தைக் காப்பது மட்டும் போதுமா, அதைத் திருத்துபவரும் வேண்டுமா என்னும் வினாவுக்குப் பாதுகாப்புக் குறைகளின் வரலாறு விடை தருகிறது. 2001 டிசம்பரில் விண்டோஸ் எக்ஸ்பியின் யுபிஎன்பி சேவையில் கடுமையான குறை ஒன்று கண்டறியப்பட்டு, மைக்ரோசாஃப்ட் திருத்தம் வெளியிட்டது. அது ஒரு நிறுவனத்தின் நிரலில் நேர்ந்த பிழை. 2013 ஜனவரியில் ரேபிட்7 நிறுவனம் வெளியிட்ட ஆய்வு, வீட்டுக்குள் மட்டும் ஒலிக்க வேண்டிய யுபிஎன்பி தேடலுக்குப் பொது இணையத்திலிருந்தே விடையளிக்கும் முகவரிகள் 8 கோடிக்கும் மேல் என்று காட்டியது. அது கருவிகளை அமைத்த முறையிலும், பலரும் எடுத்தாண்ட நிரல் தொகுதிகளிலும் இருந்த குறை.

2020 ஜூனில் வெளிப்பட்ட கால்ஸ்ட்ரேஞ்சர் என்னும் குறை இவற்றினின்று வேறுபட்டது. ஒரு கருவியில் மாற்றம் நேரும்போது எந்த முகவரிக்கு அறிவிக்க வேண்டும் என்று கேட்பவரே கூறலாம் என்பது யுபிஎன்பி விதி. அம்முகவரி அதே பிணையத்தைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும் என்னும் கட்டுப்பாடு விதியில் இல்லை. எனவே விதியைச் சரியாகப் பின்பற்றிய கருவியும் வெளியாரின் ஏவலுக்கு ஆட்பட்டு, எங்கோ உள்ள முகவரிக்குச் செய்தி அனுப்பக் கூடியதாயிற்று. ஆய்வாளர் யூனுஸ் சாதிர்ஜி இதனை வெளிப்படுத்தினார். இது நிரலில் நேர்ந்த பிழையன்று. நூலிலேயே இருந்த குறை. நூலைத் திருத்தியே அதைத் தீர்க்க முடியும்.

நூலைத் திருத்த ஒருவர் இருந்தார். உடைமைகளை ஏற்றிருந்த ஓப்பன் கனெக்டிவிட்டி ஃபவுண்டேஷன், 2020 ஏப்ரல் 17 அன்றே விவரக்குறிப்பில் அக்கட்டுப்பாட்டைச் சேர்த்துப் புதுப்பித்திருந்தது. ஃபோரம் தன் ஆவணங்களை யாரிடமும் ஒப்படைக்காமல் கலைந்திருந்தால், ஒவ்வொரு தயாரிப்பாளரும் தத்தம் விருப்பப்படி மாற்றம் செய்திருப்பர். பொதுவான விதி என்று ஒன்று எஞ்சியிராது. திருத்தப்பட்ட விதி, புதுப்பிப்பு வழங்கப்படாத பழைய கருவிகளைச் சென்றடையாது என்பது உண்மையே. எனினும் எது சரி என்பதை ஐயமின்றிக் காட்டும் உரை ஒன்று அதனால் நிலைபெற்றது.

முடிவுரை

மேற்கூறியவற்றிலிருந்து மூன்று முடிவுகளைத் தொகுத்துக் கூறலாம். முதலாவது, வீட்டு ஊடகப் பிணையத்தின் விதிகள் ஒரே ஆவணத்தில் அமையவில்லை. திறந்த நூல், உறுப்பினர் நூல், உரிம நூல் என மூன்று அடுக்குகளில் அமைந்தன. நெறிமுறைத் தகவலின் நான்காம் புலம், இவ்வடுக்குகள் ஒரே வரிக்குள் சந்திக்கும் இடம். இரண்டாவது, ஆவணம் எட்டாத இடங்களில் கருவிகளும் திறந்த மூல நிரல்களும் மாற்றுச் சான்றுகளாயின. அவற்றையும் வரலாற்று ஆவணங்களாகக் கருதிப் பாதுகாக்க வேண்டும். மூன்றாவது, ஒரு தரநிலைக்குத் திறந்த உரை, நிலையான பெயர், திருத்தும் பொறுப்பாளர் ஆகிய மூன்றும் தேவை. எஸ்எஸ்டிபிக்கு நிலையான பெயர் இல்லை. டிஎல்என்ஏவுக்குத் தொடக்கத்தில் திறந்த உரை இல்லை. யுபிஎன்பிக்குப் பொறுப்பாளர் மாறினார், ஆயினும் இல்லாமற் போகவில்லை.

யுபிஎன்பி கருவிகள் பரிமாறும் விவர ஆவணங்களில் யுபிஎன்பி ஃபோரத்தின் தளப்பெயரும், டிஎல்என்ஏ கருவிகளின் குறிப்புகளில் அவ்வமைப்பின் பெயரும் அடையாளச் சொற்களாக இன்றும் இடம்பெறுகின்றன. அப்பெயர்களுக்கு உரிய அமைப்புகள் இன்று இல்லை. அவை எழுதிய விதிகளின்படியே கருவிகள் ஒன்றையொன்று அழைத்துக்கொள்கின்றன. புதிய தரநிலைகளை வகுக்கும் அமைப்புகள், தாம் கலையும் நாளில் ஆவணங்கள் யாரிடம் சேரும் என்பதைத் தொடக்கத்திலேயே எழுதி வைப்பது இவ்வரலாறு தரும் பாடமாகும்.